மில்லில் சத்தம் நின்றபோது

கானா நாட்டின் குமாசிச் சந்தையில் டூஃபியின் மாவு மில்லுக்கு யாரும் வழி கேட்டதில்லை. அந்த இரைச்சலே கையைப் பிடித்து அழைத்துப் போகும். மில் அவளுடையதல்ல, முதலாளி வேறு. புருஷன் போன பிறகு அந்த மிஷின் பக்கத்தில் நின்றே பிள்ளைகளை ஆளாக்கியவள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். முதலாளியின் தங்கை மகள் தன் வேலைமேல் கண் வைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு ஓயாத சந்தேகம்.

அதனால்தான் மில் இரைச்சலைக் குறைக்கும் ஆராய்ச்சிக்காக இயந்திரவியல் பேராசிரியர் அம்போஃபோ காது சோதிக்கும் பெட்டியோடு வந்தபோது அவள் உஷாரானாள். காது போச்சு என்று இவர் சொல்லிவிட்டால் வேலையும் போச்சு.

"என் காது உங்களுக்கு எதுக்குய்யா?"

"இதைத் தலையில மாட்டிக்குங்கம்மா. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. அவ்வளவுதான்" என்று இரைச்சலை மீறி அவள் காதருகே கத்தினார்.

அவளா ஏமாறுவாள்! அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கை தூக்கினாள். பெட்டிமேல் குனிந்த மனுஷர் தலை நிமிரவேயில்லை.

"அடேங்கப்பா, பாம்புக் காதும்மா உங்களுக்கு!" என்றார்.

பிறகு பனைநாரைப் பசையில் தோய்த்து அழுத்திச் செய்த பலகைகளைக் கொண்டுவந்து மிஷினைச் சுற்றி அடைத்தார். சத்தத்தை அந்த நார் விழுங்கிவிடுமாம். காசு கேட்காமல் ஒருத்தர் இவ்வளவு செய்வாரா என்று அவள் முறைத்துக்கொண்டே நின்றாள். மில் நிஜமாகவே அடங்கிப்போனது.

அதற்கப்புறம்தான் வினையே. முன்பெல்லாம் அந்த இரைச்சலில் அரைக்க வருகிறவர்கள் விரலைக் காட்டுவார்கள். ஒரு விரல் என்றால் கொரகொரப்பு, இரண்டு என்றால் நைசு. இப்போது ஒருத்தியும் விரல் காட்டவில்லை. வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார்கள், சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்று டூஃபிக்கு நெஞ்சு கொதித்தது.

கடைசியில் கென்கே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் அராபா மீது பாய்ந்தாள். "மூஞ்சிக்கு நேரா பேசத் துப்பில்லையாடி? என்னடி குசுகுசுப்பு?"

அராபா அவள் காதருகே வந்து கத்தினாள். "குசுகுசுப்பா? என் தொண்டைக்குப் பயந்து என் புருஷனே ஓடுறான்! நைசா அரைன்னு எத்தன வாட்டி சொன்னேன். கொரகொரன்னு அரைச்சு வச்சிருக்கியேக்கா. இந்த மாவுல நான் எப்படி கென்கே பிடிப்பேன்?"

டூஃபிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் காதில் விழாததற்கெல்லாம் மிஷின்மேல் பழி போட்டிருந்தாள். ஸ்பேனரை எடுத்துப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தாள். இரைச்சல் திரும்பினால் விரல்களும் திரும்பிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது.

பலகைகளைப் பார்க்க வந்த பேராசிரியர் வாசலில் நின்று ஏதோ கேட்டார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"பெட்டியை எடுத்துட்டு வாங்கய்யா. இந்தத் தடவ நான் கண்ண மூடிக்கிறேன்."

மாட்டிவிட்டார். கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டேயிருந்தது.

"எப்பய்யா ஆரம்பிப்பீங்க?" என்றாள்.

அவர் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.