கம்பியில் தொங்கிய விநாடிகள்

காலை ஏழு இருபதுக்கு என் மகளின் கையிலிருந்து டிபன் பாக்ஸ் நழுவி விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சிந்திய சோற்றை அள்ளியபடியே, "கை லேசா மரத்துப்போச்சுப்பா" என்றாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வேறு வீடாக இருந்தால் அது அதோடு முடிந்திருக்கும்.

இளம் வயதில் வெளியூரில், ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். தீனியில் பூச்சிமருந்தைக் கலந்து தினமும் கொடுப்போம். அதிகம் கொடுத்த எலிகள் சீக்கிரம் நடுங்க ஆரம்பித்துவிடும். கொஞ்சமாகக் கொடுத்த கூண்டுதான் ஏமாற்றும். மாதக்கணக்கில் அவை நன்றாகத் தின்னும், ரோமம் பளபளக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் கம்பியில் தொங்கவிட்டு, எத்தனை விநாடி பிடித்திருக்கிறது என்று எழுதுவேன். ஒரு வாரம் அதே எலி சீக்கிரமே பிடியை விட்டுவிடும். பார்வைக்கு வேறு எதுவும் மாறியிருக்காது.

மகள் போன பிறகு, கொல்லையில் நின்ற நீல டிரம்மைப் பார்த்தேன். எங்கள் ராஜபாளையத்துத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது சில நாளைக்கு ஒருமுறைதான். தொட்டி போதாமல், பழைய சாமான் கடையில் அதை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. லேபிளைக் கிழித்த தடம் அதில் இருந்தது. உள்ளே பூச்சிமருந்துதான் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சோப்புப் போட்டு நாலு தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, குளிக்கத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவி கூமாப்பட்டியில், கால் ஒடிந்து கிடந்த தன் அண்ணனைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். போனில் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் மகளை மாடிப்படிக் கம்பியில் தொங்கச் சொன்னேன். செல்போனில் விநாடிகளை எண்ணினேன். மறுநாளும் எண்ணினேன். நாலாம் நாள் குறைந்தது.

"என்னப்பா, என்னையும் எலியாக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முழங்கையைத் தட்டிப் பார்த்தார். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டிரம்மைப் பற்றி மென்று விழுங்கிச் சொன்னேன். "அதே தண்ணியில குளிக்கிற வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரட்டும், அதுவரை அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்.

வெளியே வந்து, மகளுக்குக் கேட்காத தூரத்தில் நின்று மனைவிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்; மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும், பேச எனக்கு ஒருவரும் இல்லை.

மதியம் கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு பஸ்ஸில் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைத்தாள். மகளின் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த டிரம் தண்ணிய நானும் பிள்ளையும் தொட்டதே இல்ல. வெயில் ஏறுனா வாடை அடிக்கும். நாங்க தொட்டித் தண்ணிதான். வாங்குன அன்னிக்கே சொன்னேன், கேட்டியளா? நல்லா கழுவியாச்சுன்னு எனக்கே பாடம் எடுத்திய. மூணு வருசமா அதுல குளிக்கிறது நீங்க ஒரு ஆளுதான். எங்க, உங்க கைய நீட்டுங்க பாப்போம்."