பஸ் ஜன்னலில் படித்த பெயர்

மருமகள் என் பேத்திக்கு வீட்டிலேயே படிக்கச் சொல்லித்தருகிறாள். எழுத்துகளின் சத்தத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் வார்த்தை வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். இதை எழுதுவதும் நானேதான், மெதுவாக.

இன்று பேத்தியோடு தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினேன். ரைஸ் மில்லில் என்னோடு முப்பது வருடம் மூட்டை சுமந்த சுடலைமுத்துவைப் பார்க்கத்தான். “ஏலே, எம்முன்னால நாலு எழுத்து படி, பொறவு நம்புதேன்” என்று போன மாதம் சிரித்தவன்.

வழியெல்லாம் எங்களுக்குள் போட்டி, யார் முதலில் போர்டைப் படிப்பது என்று. எல்லாவற்றிலும் அவளே ஜெயித்தாள்.

குற்றாலத்தில் இறங்கும் முன் சுவரில் ஒரு புது போஸ்டர். படம் சாரலில் நனைந்து கிழிந்திருந்தது. நான் மேல் வரியில் ‘கண்ணீர்’ வரைக்கும் வந்திருந்தேன். அவள் கீழே பெரிய எழுத்தைப் பிடித்துவிட்டாள்.

“சு... ட... லை... மு... த்து. தாத்தா, நாந்தான் ஃபர்ஸ்ட். கை தட்டுங்க.”

வேறு யாராகவாவது இருக்கும் என்று அடுத்த வரியைக் கூட்டிப் படித்தேன். எங்கள் மில்லின் பெயர்.

“ஏட்டி, சரியாப் படிச்சிட்ட” என்று கை தட்டினேன்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே, இத்தனை சுவர்களையும் படித்துக்கொண்டு இவ்வளவு காலம் நீங்கள் எப்படித் தெருவில் நடந்தீர்கள்?