மூன்று நிமிட வணக்கம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது வீடமைப்பு விளம்பரப் பலகை நிற்கிறது. நகராமல் இருப்பவை தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் முப்பத்திரண்டு குடும்பங்களும் ஒரு கட்சிக் கிளையும்தான். கிளைக்குத் தலைவர், செயலாளர், தேசிய மாநாட்டுப் பேராளர் எல்லாமே லோரி ஓட்டும் பத்துமலை. ஞாயிற்றுக்கிழமையைத் தானம் செய்ய வேறு யாருக்கும் மனம் வரவில்லை.

இருபத்தாறு வருடமாக அவர் கோலாலம்பூர் மாநாட்டுக்கு பஸ் ஏறினார். கழுத்தில் அட்டை, உடம்பில் பூப்போட்ட பாத்தேக் சட்டை. கை தூக்கச் சொன்னால் தூக்குவார், தட்டச் சொன்னால் தட்டுவார். அதற்குள் மூன்று தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். மூவரையுமே சமுதாயத்தின் விடிவெள்ளி என்று பத்துமலை கூசாமல் சொல்லியிருக்கிறார். மாநாட்டில் மைக்கை மட்டும் தொட்டதில்லை. பிரியாணியைத் தொட்டதுண்டு, அதுவும் இரண்டு பொட்டலம்.

போன வருடம் லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வருகிற தை மாதம்வரைதான் கெடு. மாற்று வீட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"இருவத்தாறு வருசமா கையத் தூக்குனீங்க. இந்த வாட்டி வாயத் தொறங்க. நமக்கு வீட்டு மனை வேணும்னு கேளுங்க" என்றாள் மனைவி செல்லாயி. "மாநாட்ட லயமே போன்ல நேரா பாக்கும்லா."

பத்துமலை பெயர் கொடுத்தார். பேச மூன்று நிமிடம் கிடைத்தது. தைப்பிங்கிற்குச் சரக்கு ஏற்றிப் போகும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பார்த்து அந்தப் பேச்சைப் பேசிப் பழகினார்.

ஆனால் மேடையில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஆட்களின் மேடையில் ஒருவர் பெயரை விட்டுவிட்டால் போதும், அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. பத்துமலை தேசியத் தலைவரில் தொடங்கினார், துணைத் தலைவருக்குப் போனார், உதவித் தலைவர்களை வரிசையாகக் கும்பிட்டார். ஒருவரை அவருடைய பழைய பட்டத்தால் "டத்தோ" என்றதும் முன்வரிசையிலிருந்து, "டத்தோ ஸ்ரீ ஆயிட்டாருண்ணே!" என்று ஒரு குரல் வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியாக, "ஆகவே பெரியோர்களே, எங்கள் தோட்டத்தில்..." என்றார். மணி அடித்தது. மைக் அணைந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

மேடை மட்டும் மனம் குளிர்ந்து கை தட்டியது.

திரும்பும் பஸ்ஸில் அவர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. லயத்தில் யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. ஒருவரும் திட்டவில்லை. எதிர்வீட்டு ராமையா, "சாப்டியா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். செல்லாயி தேத்தண்ணீரை முன்னால் வைத்தாள்.

"இருவத்திரண்டு பேரையும் நல்லா விசாரிச்சிட்டு வந்தீங்க. நம்மள விசாரிக்கத்தான் ஆளில்ல."

பத்துமலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வருடக் கிளைக் கூட்டத்தில் அவரே எழுந்து பேராளராகச் செல்லாயியின் பெயரை முன்மொழிந்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் சொந்தமாகச் செய்த முதல் அரசியல் அதுதான்.

இந்த வருட மாநாட்டில் அவருக்குப் பார்வையாளர் அட்டை, கடைசி வரிசை நாற்காலி. செல்லாயி மைக்கைப் பிடித்தபோது இவர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"ஒன்பதாங்கட்டையில முப்பத்திரண்டு வீடு. தை மாசம் இடிக்கப் போறாங்க. எங்களுக்கு மனை வேணும். மேடையில இருக்கிறவங்கள்ல யாரு வாங்கித் தாரீங்க? கையத் தூக்குங்க."

அவள் பேசி முடிக்கக் கால் நிமிடம்கூட ஆகவில்லை. சபையை நடத்திய டத்தோ சுகுமாரன் தொண்டையைச் செருமினார்.

"சகோதரி, முதலில் தலைமைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பேசுவதுதான் நம் மரபு..."

செல்லாயி தடுமாறி, மேடையில் பெயர்ப் பலகைகளைத் தேடினாள். கடைசி வரிசையில் பத்துமலை எழுந்து நின்றார். லோரிக்காரர் தொண்டைக்கு மைக் வேண்டியிருக்கவில்லை.

"வணக்கமெல்லாம் போன வருசமே நான் சொல்லிட்டேன் டத்தோ, ஒரு ஆள் விடாம! இந்த வருசம் நீங்க பதில் சொல்லுங்க!"