காயப் பதக்கம்

திருமுல்லைவாயிலில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். போரில் தொடையில் குண்டு பாய்ந்து, காயப் பதக்கம் வாங்கியவர். "சர்வீஸ் ரெக்கார்டுல ஒரு திருத்தம், மனு எழுதணும் தம்பி" என்று கூப்பிட்டார். விடுபட்ட ஏதோ விருதைச் சேர்க்கத்தான் என்று நினைத்து, 'எதிரியின் குண்டை நெஞ்சுறுதியோடு தாங்கியவர்' என்று ஆரம்பித்துவிட்டேன். அலங்காரமில்லாமல் எனக்கு எழுத வராது.

படித்துக் காட்டினேன்.

"அந்த வரிய அடிச்சிடு. பதக்கத்தை என் பேர்லேர்ந்து எடுக்கணும்னு எழுது."

"எடுக்கணுமா?"

"சுட்டது எதிரி இல்ல. துப்பாக்கி தொடைக்கும்போது கை தவறிச் சுட்டவன் என் கூட்டாளி சேகரு. சொன்னா அவனுக்கு ஜெயிலு. எதிரின்னு சொல்லிட்டேன். போன மாசம் செத்துட்டான். இனிமே அவன யாரு என்ன பண்ண முடியும்?"

எழுதிய வரியை அடித்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் காபியோடு அவர் மனைவி நின்றிருந்தார். ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் அந்தப் பதக்கத்தைத் துடைத்து, அவர் சட்டையில் குத்திவிடுபவர்.

"காணும் பொங்கலுக்கு வந்து, 'அண்ணி, அவன் கால் எப்படிக் கீது'ன்னு மொதல்ல கேப்பாரே, அவரா?"

"அவன்தான்."

"அந்த ஆளுக்குப் போயி நல்ல கறியா பொறுக்கிப் போட்டேனேய்யா!"

"அதான் சொல்லல."

காபி டம்ளர் என் முன்னால் வந்தது. பிறகு அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: "எழுதுங்க தம்பி. சேகரு பேர மட்டும் போடாதீங்க. அவரு சம்சாரம் கீது."

நாலே வரியில் மனு முடிந்தது. அந்தப் பதக்கத்துக்கு அவர் உரியவரல்ல என்று நான்தான் எழுதினேன். ஆனால் அவர் உரியவரல்ல என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.