ஏழடி வெள்ளைத் துணி

இரண்டு வருடமாக என் வாடகை வீட்டில் ஒரு விமானம் கட்டுகிறேன். பழைய காலத்துக் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரி. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை, ஒவ்வொன்றும் ஏழடி. மரச்சட்டம் முடிந்துவிட்டது, இனி துணி போர்த்த வேண்டும்.

அதற்காக இன்று பதுளை பஜாரில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம்; இங்கே அவர்களை அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"நானா, வெள்ளைத் துணி வேணும். ஏழடிக்குக் குறையக்கூடாது. ஒட்டுப்போடாம ஒரே துண்டா குடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கே உறைத்தது.

கடைக்கார நானா அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு தம்பி தவறுனது?"

யாருமில்லை, விமானத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் "வேற என்ன வேணும்?" என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்டு மாதக்கணக்காகிறது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"வீடு எங்க?"

"ஸ்பிரிங்வெளி ரோட்டுலங்க."

"எப்ப எடுக்கிறீங்க?"

"நாளைக்கு ரெண்டு மணிக்கு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"கடையைச் சாத்திட்டு வந்துர்றேன் தம்பி. தனியா நிக்காதீங்க."

இப்போது விமானம் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நடு அறையில் கிடக்கிறது. வீட்டில் நாற்காலி ஒன்றுதான். பக்கத்து வீட்டில் இன்னொன்று கேட்கலாம், ஆனால் அவர்கள் பெயரே எனக்கு இன்னும் தெரியாது.

நாளைக்கு நானா வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நேரில் வந்து சொன்னாலும் சரி, நாற்காலி மட்டும் கொண்டுவாருங்கள்.