ஜம்புலிங்கத்தின் கத்தரிக்கோல்

ஜம்புலிங்கத்துக்கு ஆராய்ச்சியா முக்கியம்? பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ வேண்டும், அவ்வளவுதான். வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் அவன் அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரி. பட்டம் வருவதற்கு முன்பே, 1984இல், கல்யாணப் பத்திரிகையில் ‘டாக்டர் ஜம்புலிங்கம்’ என்று அச்சடித்து அடுக்கிவிட்டார்கள். வேலூர் ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்க்கும் தலையெழுத்து எனக்கு.

அவன் எடுத்துக்கொண்டது, நோய்க்கிருமியை எதிர்க்க இரத்தச் செல்கள் உண்டாக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் செல்லின் மேல்சவ்விலேயே தங்கிவிடும்; கொஞ்சம் வெளியே போய்விடும். ஏன் என்பதுதான் கேள்வி. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி ஜீனிலிருந்து வரும் செய்தியை அவன் எக்ஸ்ரே பிலிமில் பதித்தபோது, மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள் விழுந்தன.

பதில் கையிலேயே வந்து விழுந்துவிட்டது. செல் அந்தச் செய்தியை வெட்டி ஒட்டும்போது ஒரு வால்துண்டைச் சேர்த்தால் புரதம் சவ்வில் ஊன்றிக்கொள்ளும். சேர்க்காவிட்டால் வெளியே போய்விடும். வால் சேர்ந்த நீளச் செய்தி மேல்பட்டை, சேராத குட்டைச் செய்தி கீழ்ப்பட்டை. வெளிநாட்டு ஆய்விதழ்களில் இதைச் சில வருடங்களாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். நூலகம் மாடியில்தான் இருந்தது. இந்த ஆசாமி ஏறினால்தானே!

“இன்னாடா ரெண்டு பட்டை? ஒரு ஜீனுக்கு ஒண்ணுதான வரணும்? அழுக்கு சேந்துடுச்சு போல,” என்றான்.

“அழுக்கு இல்லடா, அதான் விஷயமே. கை வைக்காத.”

கேட்டானா? ஏற்றுமதித் தோலின் பிசிர் ஓரத்தை டேனரியில் நறுக்கித் தள்ளுவார்களே, அந்தப் புத்தி. கீழ்ப்பட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை ஆய்வேட்டில் ஒட்டினான்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் ஏட்டைப் புரட்டினார்.

“செய்தி ஒண்ணுதான்னா, புரதம் எப்படிப்பா ரெண்டு இடத்துல இருக்கு?”

“ஒழுகியிருக்கும் சார்.”

“முழு பிலிம் எங்க?”

“ஓரம் நல்லால்ல சார். வெட்டிட்டேன்.”

“நீ வெட்டிப் போட்டதுதாம்பா ஆராய்ச்சி,” என்று ஏட்டை மூடினார். பட்டம் கிடைக்கவில்லை.

மறுவாரம் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினான். அவன் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு ஓட்டை. ‘டாக்டர்’ இருந்த இடம். பிசிரே இல்லாமல் அறுத்திருந்தான்.

“இனிமே இன்னா செய்யப் போற?” என்றேன்.

“அப்பா டேனரிதான். ஓரம் வெட்ற செக்ஷன நான் பாத்துக்கறேன்.”

“உனக்கு ஏத்த எடம்டா,” என்றேன்.

பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான்.