பூலோகம் திறந்த மதகு

தோல் கிடங்கில் உப்புத்தோலை உதறிப் போடுகிற வேலை பூலோகத்துக்கு. நாற்பத்தைந்து வயது. தாராவியில் அவர் பேசினால் மாகிம் ஸ்டேஷனில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான், அப்படித் தொண்டை. 1964 கார்த்திகையில் அந்தத் தொண்டையாலேயே ஒரு காரியத்தைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் வீட்டு வரிசைக்குப் பின்னால் பழைய கருங்கல் கால்வாய் ஒன்று மண்மூடிக் கிடந்தது. கட்டியது போர்ச்சுகீசுக்காரன் என்பான் ஒருவன், இல்லை இங்கிலீஷ்காரன் என்பான் இன்னொருவன். மழைத்தண்ணீரை மாகிம் கழிமுகத்தில் கொண்டுபோய் விட வெட்டியது. அது அடைத்துப்போனதிலிருந்து, மழை வந்தால் முப்பது வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். இதில் முனிசிபாலிட்டி, கல்லையும் மண்ணையும் கொட்டி மூடி ரோடு போட்டுவிடுவோம் என்றது. மூடிவிட்டால் தண்ணீர் போக வேறு வழியே கிடையாது.

பூலோகம் நேரே ஆபீசுக்குப் போனார். அங்கே இஞ்சினியர் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர்.

"தை ஒண்ணாந்தேதி வாங்க சார். தண்ணி கடலுக்குப் போறத ஒங்க கண்ணால பாப்பீங்க. போகலேன்னா லாரியக் கொண்டாங்க, நானே கூடநின்னு அள்ளிப் போடுதேன்."

"பேச்சு மாறப்படாது ஓய்," என்றார் இஞ்சினியர்.

திருநெல்வேலிப் பக்கம் குளத்துக் கால்வாய் அள்ளுகிற முறையைப் பூலோகம் அப்படியே இங்கே இறக்கினார். வீட்டுக்கு ஓர் ஆள், ஞாயிறு காலை ஆறு மணி. ஆள் அனுப்பாத வீடு எல்லாருக்கும் டீ கொடுக்கவேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கரீம் பாட்சாவுக்கு ஞாயிறும் வேலை. ஏழு வாரமும் டீ அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

மார்கழிப் பனியில் முழங்கால் சேற்றில் இறங்கினால் கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும்.

"யாத்தீ, ஐஸ் பேக்டரிக்குள்ள எறங்குன மாரி இருக்கு!" என்று குதித்தான் பக்கத்து வீட்டுச் சொரிமுத்து.

"அள்ளுல! அள்ள அள்ளச் சூடு வரும்."

"ஒமக்கென்ன சித்தப்பா, கத்துற கத்துல ஒடம்பு சுட்டுப்போகும்."

பூலோகத்தின் மனைவி முருகம்மாளும் மற்றப் பெண்களும் கூடையில் சேறு சுமந்தார்கள். சேறு போகப் போகக் கல் வெளியே வந்தது, நேற்று கொத்தினதுபோல. படிகள் வந்தன. கழிமுக வாசலில், பலகை இறக்கக் காடிப்பள்ளம் வெட்டிய மதகுத்தூண் இரண்டு நின்றன. தேக்குப்பலகை ஒன்றை இழைத்து அதில் இறக்கினார்கள். அதுவரை வெளித்தண்ணீரைத் தடுக்கப் போட்டிருந்த மண்கரையை வெட்டிவிட்டார்கள்.

பொங்கலன்று பத்தரைக்கு நல்ல நேரம். இஞ்சினியர் வெள்ளை வேட்டியில் வந்து படியில் நின்றார். கழிமுகம் தளும்பி நின்றது. பூலோகத்துக்கு ஏக சந்தோஷம். நிறைந்த தண்ணீர் நல்ல சகுனம் இல்லையா? பெண்கள் குலவையிட்டார்கள். பலகையைத் தூக்கினார்.

தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளே வந்தது. கறுப்பாக, செத்த மீனோடு, படி ஏறி இஞ்சினியர் வேட்டியை முழங்கால்வரை நனைத்துவிட்டு நின்றது.

கரீம் பாட்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாமா, பஞ்சாங்கத்தப் பாத்தீரு, கடலப் பாத்தீரா? பௌர்ணமிக்கு மூணு நாளு. இப்ப கடலுக்கு ஏத்தம்வே. நாலு மணிக்கு வத்திரும்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன பாய்?" என்றார் பூலோகம்.

"டீய மட்டும் வாங்கிக் குடிச்சீரு. ஒரு வார்த்த கேட்டீரா?"

இஞ்சினியர் வேட்டியைப் பிழிந்தார். "ஆத்துல என் ஆம்படையாள் பாகீரதி எலை போட்டுண்டு காத்திண்டிருப்பா. நான் பாத்ததைத்தான் எழுத முடியும்."

"நாலு மணி வரைக்கும் இருந்து பாத்துட்டு எழுதுங்க சார்," என்று முருகம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

உட்கார்ந்தார். பன்னிரண்டுக்குக் கரும்பு மட்டும் போதும் என்றார். ஒரு மணிக்கு இரண்டு வாழைப்பழம். இரண்டரைக்கு, "அது என்ன, சர்க்கரைப் பொங்கலா?" என்று எட்டிப் பார்த்தார். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பாகீரதி காதுக்குப் போகப்படாது," என்றார்.

நாலு மணிக்குச் சேற்றுவரி தெரிந்தது. படி ஒன்று வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. கால்வாய் முழுக்கச் சலசலவென்று கழிமுகத்தைப் பார்த்து ஓடியது. சொரிமுத்து சேற்றிலேயே ஆடினான். இஞ்சினியர் படியிறங்கி, கல் இணைப்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். "பேஷ்! சுண்ணாம்புகூட விட்டுப்போகலையே! இதையா மூடச் சொன்னோம்?" பையிலிருந்து பைலை எடுத்து அங்கேயே எழுதினார்.

"வாசிச்சுக் காட்டுங்க சார்," என்றார் பூலோகம்.

"மூடத் தேவையில்லைன்னு போட்டிருக்கேன். ஆனா ஏத்தத்துல பலகையை எறக்கணும், வத்தத்துல தூக்கணும், தெனம் ரெண்டு தடவை. யார் பாப்பா?"

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நாங்க பாப்போம் சார்," என்றாள் முருகம்மாள். "தண்ணி வந்தா சட்டிபானையத் தூக்கிட்டு நிக்கது நாங்கல்லா?"

ஆனியில் மழை பிடித்தது, மூன்று நாள் விடாமல். பூலோகம் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து, அடிக்கொருதரம் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஞ்ச தரையில என்னத்தத் தேடுதீரு?" என்றாள் முருகம்மாள்.

"சும்மா இரிட்டீ," என்று மறுபடியும் தடவினார்.